பழைய பெர்ஃபார்மன்ஸ் டர்போவை விற்பது: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

டர்போ என்றால், இன்ஜின் புகை ஒரு முனையில் டர்பைன் வீலைச் சுழற்ற, அதே ஷாஃப்ட்டின் மறுமுனையில் உள்ள கம்ப்ரசர் வீல் இன்ஜினுக்குள் காற்றை அழுத்தித் தள்ளும் கருவி; அந்த அழுத்தம்தான் பூஸ்ட். காரை மாடிஃபை செய்பவர்கள் ஒரே டர்போவோடு நிற்பதில்லை. பெரியதைப் போட்டவருக்கு 'பூஸ்ட் ஏற நேரமாகுது' என்று குறை. சின்னதைப் போட்டவருக்கு 'மேல போனா மூச்சு வாங்குது' என்று குறை. ஆக, கழற்றிய டர்போ ஒன்று எப்போதும் ஏதாவது ஒரு அலமாரியில் துணி சுற்றிக் கிடக்கும். அதை விற்க நினைப்பவர்கள் என்னிடம் கேட்கும் சந்தேகங்கள் பெரும்பாலும் ஒன்றேதான் என்பதால் எழுதி வைத்துவிட்டேன். நான் வியாபாரி இல்லை. சில டர்போக்களை வாங்கி, சிலவற்றை விற்று, இரண்டிலும் கொஞ்சம் ஏமாந்து கற்றுக்கொண்டவன். கேள்விகளைக் கேட்டவர்கள் வாய்மொழியிலேயே போட்டிருக்கிறேன்.

வண்டியில நல்லாதான் ஓடிட்டு இருக்கு. கழட்டி வித்துடலாம்ல?

விற்கலாம். ஆனால் இன்றே ஸ்பேனரை எடுக்காதீர்கள். டர்போ வண்டியில் இருக்கும்வரைதான் அது ஓடுகிறது என்று காட்ட முடியும். கழற்றிவிட்டால் அது ஒரு இரும்புக் கட்டி. அப்புறம் உங்கள் வாய்ச்சொல் மட்டும்தான் சாட்சி.

இன்ஜின் ஆறிக் கிடக்கும்போது ஸ்டார்ட் செய்வதிலிருந்து வீடியோ எடுங்கள். சைலன்சர் முனையைக் காட்டுங்கள். சில நிமிடம் ஐடிலில் விட்டு, பிறகு ஆக்சிலரேட்டரை மிதியுங்கள். அப்போது நீலப் புகை வருகிறதா என்பதைத்தான் விவரம் தெரிந்தவர் முதலில் பார்ப்பார். ஈசியூவில் (இன்ஜினைக் கட்டுப்படுத்தும் கணினி) ஓட்டப் பதிவு, அதாவது லாக், எடுக்க முடிந்தால் ஒரு லாக் எடுத்து வையுங்கள்: பூஸ்ட் எந்த ஆர்பிஎம்மில் ஏறியது, கடைசிவரை நின்றதா என்பது தெரிந்தால் போதும். வீடியோவை நிறுத்தாமல் டர்போவின் நேம்பிளேட்டையும் ஒருமுறை காட்டிவிடுங்கள். இல்லையென்றால் 'அது வேற டர்போ' என்று சொல்ல இடம் கிடைத்துவிடும்.

கழட்டினதும் முதல்ல என்ன செய்யணும்?

எண்ணெயை வடியவிட்டு, எல்லாத் துளைகளையும் மூட வேண்டும். எண்ணெய் உள்ளே வரும் துளை, வெளியே போகும் துளை, தண்ணீர்த் துளைகள் இரண்டு, கம்ப்ரசரின் இரண்டு வாய், டர்பைனின் இரண்டு வாய் எல்லாவற்றுக்கும் பிளாஸ்டிக் மூடி போடுங்கள். மூடி இல்லையென்றால் அகலமான டேப். துணியையும் டிஷ்யூவையும் திணிக்காதீர்கள். நூல் பிசிறு ஒன்று எண்ணெய்த் துளைக்குள் போனால் பேரிங் வரை போய் உட்கார்ந்துகொள்ளும்.

தூக்கும்போது வேஸ்ட்கேட்டைத் (பூஸ்ட் மிஞ்சாமல் புகையை வேறு வழியில் விடும் கதவு) திறக்கும் ஆக்சுவேட்டரின் கம்பியைக் கைப்பிடி மாதிரிப் பிடிக்கிறார்கள். பார்க்க வசதியாகத்தான் இருக்கும். அந்தக் கம்பி கொஞ்சம் வளைந்தாலும் வேஸ்ட்கேட் திறக்கும் அளவு மாறிவிடும். வாங்கியவர் வண்டியில் பூஸ்ட் கட்டுக்குள் வராது.

இது எந்த டர்போன்னே எனக்குத் தெரியலை. எப்படிக் கண்டுபிடிக்கிறது?

கம்ப்ரசர் ஹவுசிங்கில் ரிவெட் அடித்த சின்ன நேம்பிளேட் இருக்கும். பெயிண்ட் பூசியிருந்தாலும் நகத்தால் சுரண்டிப் பாருங்கள். பார்ட் நம்பரின் வடிவமே பாதி சொல்லிவிடும். காரெட் கம்பெனி என்றால் 6 இலக்கம், ஒரு கோடு, 4 இலக்கம். மிட்சுபிஷி என்றால் 49-இல் தொடங்கும். பழைய கேகேகே கம்பெனி எண்கள் 5303 என்று தொடங்கினால் கே03 மாடல், 5304 என்றால் கே04.

பிளேட் இல்லையென்றால் வெர்னியரால் அளக்க வேண்டியதுதான். கம்ப்ரசர் வீலில் காற்று நுழையும் பக்கம் சின்ன விட்டம், வெளியேறும் பக்கம் பெரிய விட்டம். டர்பைனில் தலைகீழ்: பெரிய விட்டத்தில் நுழைந்து சின்ன விட்டத்தில் வெளியேறும். நான்கு அளவுகளையும் எழுதுங்கள், பிளேடுகளை எண்ணுங்கள், டர்பைன் ஹவுசிங்கில் வார்ப்பிலேயே பதிந்திருக்கும், ஹவுசிங்கின் பாதை அளவைச் சொல்லும் ஏ/ஆர் எண்ணை (0.63, 0.82 மாதிரி) குறித்துக்கொள்ளுங்கள். வீலின் இரு விட்டங்களை ஒப்பிடும் எண்ணான டிரிம் கேட்பார்கள், சின்ன விட்டத்தைப் பெரிய விட்டத்தால் வகுத்து, வந்ததை அதனாலேயே பெருக்கி, 100-ஆல் பெருக்கினால் வந்துவிடும். 57 மி.மீ., 76.2 மி.மீ. என்றால் டிரிம் 56.

பெயரில் உள்ள எண்ணை மட்டும் வைத்து ஒப்பிடாதீர்கள். காரெட் ஜிடி3076ஆர் என்பதில் 76 கம்ப்ரசர் வீலின் பெரிய விட்டம். கடைசியில் உள்ள 'ஆர்' குண்டுகள் மேல் சுழலும் பால் பேரிங்கைக் குறிக்கும். பிரிசிஷன் கம்பெனியின் 6266-இல் 62 கம்ப்ரசரின் சின்ன விட்டம். 76-ஐயும் 62-ஐயும் பார்த்துவிட்டு 'என்னோடதுதான் பெருசு' என்று விளம்பரத்தில் எழுதியவர்களை எனக்குத் தெரியும். சின்ன விட்டத்தைச் சின்ன விட்டத்தோடு வைத்துப் பார்த்தால் அந்த 3076-க்கு 57, இதற்கு 62.

பிளேட்ல ஹனிவெல்னு போட்டிருக்கு, காரெட்னு இல்லை. டூப்ளிகேட்டா?

அதனால் மட்டும் டூப்ளிகேட் ஆகிவிடாது. காரெட் டர்போ தொழில் பல வருடம் ஹனிவெல் கையில் இருந்தது. 2018-இல்தான் காரெட் மோஷன் என்று தனி நிறுவனமாகப் பிரிந்தது. அதற்கு முந்தைய டர்போவில் ஹனிவெல் பெயர் இருப்பது இயல்பு.

ஒரிஜினல்னு வாங்குறவரை எப்படி நம்ப வைக்கிறது?

பில்தான் முதல் சாட்சி, அதுவும் சீரியல் நம்பரோடு. பில் இல்லையென்றால் நேம்பிளேட்டை எழுத்து தெளிவாகத் தெரியும்படி நேருக்கு நேர் படம் எடுங்கள். பிறகு வார்ப்பின் வேலைப்பாடு: ஹவுசிங்கின் ஓரங்கள், ஃபிளாஞ்ச் முகம், கம்ப்ரசர் வீலின் பிளேடு மேற்பரப்பு. ஒரிஜினலைக் கையில் பிடித்துப் பழகியவருக்குப் படத்திலேயே தெரிந்துவிடும்.

உங்களுடையது காப்பி என்றால் காப்பி என்றே எழுதி விற்றுவிடுங்கள். அதற்கும் ஆள் வரும். மறைத்து விற்றால், கழற்றிப் பார்க்கும் முதல் மெக்கானிக்கிடமே விஷயம் வெளிவந்துவிடும்.

ஷாஃப்ட்டைப் பிடிச்சு ஆட்டினா லேசா ஆடுது. டர்போ போச்சா?

நான் அதிகம் கேட்ட கேள்வி இதுதான். ஆட்டம் இரண்டு வகை. கம்ப்ரசர் நட்டை இரண்டு விரலால் பிடித்து மேலும் கீழுமாக அசைப்பது ஒன்று. உள்ளே தள்ளி வெளியே இழுப்பது இன்னொன்று. குண்டுகள் இல்லாத ஜர்னல் பேரிங் டர்போவில் மேல்-கீழ் ஆட்டம் இருந்தே தீரும். நிமிடத்துக்கு லட்சம் சுற்றுக்கு மேல் சுழலும் ஷாஃப்ட் உலோகத்தின் மேல் சுழல்வதில்லை, எண்ணெய்ப் படலத்தின் மேல் மிதக்கிறது. அந்தப் படலத்துக்கு விட்ட இடம்தான் எண்ணெய் இல்லாமல் கையில் பிடிக்கும்போது ஆட்டமாகத் தெரிகிறது. பால் பேரிங்கிலும் கொஞ்சம் இருக்கும், ஏனென்றால் பேரிங் தொகுதியே ஹவுசிங்குக்குள் மெல்லிய எண்ணெய்ப் படலத்தில்தான் உட்கார்ந்திருக்கிறது.

கவலைப்பட வேண்டியது உள்ளே-வெளியே ஆட்டத்துக்கு. அது விரலுக்கு ஏறக்குறைய தெரியவே கூடாது. பல டர்போக்களில் அது ஒரு மில்லிமீட்டரில் பத்தில் ஒரு பங்கைத் தாண்டாது. 'டக் டக்' என்று கையில் உணர முடிந்தால், ஷாஃப்ட்டை உள்ளே-வெளியே நகராமல் பிடிக்கும் திரஸ்ட் பேரிங் தேய்ந்துவிட்டது என்று எடுத்துக்கொள்ளுங்கள். சரியான எல்லையை அந்தந்த மாடலின் அட்டவணையில் பார்க்க வேண்டும்; அளக்க டயல் கேஜ் வேண்டும். காந்த அடியோடு ஒரு கேஜை மெக்கானிக்கிடம் அரை மணி நேரம் கடன் வாங்கி, முள் ஆடுவதை வீடியோ எடுத்துவிட்டால் வாங்குபவரின் பாதிக் கேள்வி அங்கேயே தீர்ந்துவிடும்.

கேஜ் கிடைக்கவில்லையா? ஷாஃப்ட்டை ஒரு பக்கமாக அழுத்திப் பிடித்தபடி மெல்லச் சுழற்றுங்கள். வீல் ஹவுசிங்கைத் தொட்டு உரசினால் கதை முடிந்தது. உரசிய தடம் ஏற்கெனவே இருக்கிறதா என்று ஹவுசிங்கின் உட்சுவரையும் டார்ச் அடித்துப் பாருங்கள். பளபளவென்று வட்டமாக ஒரு கோடு தெரியும்.

என்னோடதுல ஆட்டமே இல்லை, கல்லு மாதிரி இருக்கு. அப்போ பக்காதானே?

கல்லு மாதிரி என்றால் சுழலவும் கஷ்டப்படுகிறதா என்று முதலில் பாருங்கள். சூடான இன்ஜினைச் சட்டென்று அணைத்துப் பழகிய வண்டியில் எண்ணெய் உள்ளேயே கருகிப் படியும். அந்தக் கரி இடைவெளியை நிரப்பி 'ஆட்டமே இல்லை' என்ற தோற்றத்தைக் கொடுக்கும். எண்ணெய் வெளியேறும் துளைக்குள் டார்ச் அடியுங்கள். தேன் நிறத்தில் ஈரமாக இருந்தால் நல்லது. தார் மாதிரி கறுப்பாக ஒட்டியிருந்தால் விளம்பரத்தில் 'பக்கா' என்ற வார்த்தை வேண்டாம்.

இன்னொன்று, ஷாஃப்ட் சரியாக இருப்பதும் டர்போ சரியாக இருப்பதும் ஒன்றல்ல. ஒருமுறை ஷாஃப்ட்டை மட்டும் ஆட்டிப் பார்த்துவிட்டு ஒரு டர்போ வாங்கினேன். வெண்ணெய் மாதிரி சுழன்றது. வீட்டுக்கு வந்து டர்பைன் ஹவுசிங்கைக் கழற்றினால், வேஸ்ட்கேட் துளையிலிருந்து ஃபிளாஞ்ச் வரை நகக்கண் நுழையும் அளவுக்கு ஒரு விரிசல். விற்றவர் பொய் சொல்லவில்லை. அவரும் ஷாஃப்ட்டை மட்டும்தான் பார்த்திருக்கிறார்.

ஹவுசிங்ல விரிசல் இருந்தா விக்கவே முடியாதா?

எங்கே, எவ்வளவு என்பதைப் பொறுத்தது. பெட்ரோல் வண்டியில் புகை 900 டிகிரி செல்சியஸைத் தாண்டும். சூடாகி ஆறி, சூடாகி ஆறி, உள் வேஸ்ட்கேட் துளையைச் சுற்றியும் இரட்டை வாய் ஹவுசிங்கின் நடுச்சுவரிலும் முடி போன்ற கோடுகள் விழுவது சகஜம். சிலர் அதோடேயே வருடக்கணக்கில் ஓட்டுகிறார்கள். படத்தைப் போட்டு, விலையைக் குறைத்து விற்கலாம்.

வெளிச்சுவருக்கு வந்துவிட்ட விரிசல் வேறு. அந்த ஹவுசிங்கைக் கணக்கில் சேர்க்காதீர்கள். மீதியை மட்டும் விற்றுவிடுங்கள். வெல்டிங் வைத்து மறைப்பவர்கள் உண்டு. வார்ப்பிரும்பில் அது நிற்கும் என்று நான் யாருக்கும் உறுதி கொடுக்க மாட்டேன்.

காத்து அடிச்சு சுத்தவிட்டு வீடியோ எடுத்தேன். விசில் சத்தம் சூப்பரா இருக்கு. போடலாமா?

போடாதீர்கள், இனிமேல் அப்படிச் செய்யவும் செய்யாதீர்கள். காற்றடிக்கும் மெஷினின் அழுத்தத்துக்கு எண்ணெய் இல்லாத ஷாஃப்ட் கண்மண் தெரியாமல் சுழலும். பேரிங் வறண்ட நிலையில் உரசும். தெரிந்தவர் அந்த வீடியோவைப் பார்த்ததும் 'இந்த ஆளிடம் வாங்கக் கூடாது' என்று நகர்ந்துவிடுவார்.

எண்ணெய்த் துளையில் சுத்தமான இன்ஜின் ஆயில் சில சொட்டு விட்டு, விரலால் மெல்லச் சுழற்றிக் காட்டினால் போதும். ஜர்னல் பேரிங் என்றால் இரண்டு சுற்றிலேயே நின்றுவிடும். அது குறை இல்லை, எண்ணெயின் பிடிப்பு.

கம்ப்ரசர் பிளேடு நுனி லேசா கடிபட்டிருக்கு. அரம் போட்டுத் தேய்ச்சா தெரியாதே?

உங்களுக்குத் தெரியாது, டர்போவுக்குத் தெரியும். வீலும் ஷாஃப்ட்டும் ஒன்றாகச் சேர்த்து பேலன்ஸ் செய்யப்பட்டவை. ஒரு பிளேடில் கொஞ்சம் தேய்த்தாலும் லட்சம் சுற்றில் அது உதறலாக மாறிப் பேரிங்கைத் தின்னும். கடிபட்ட வீலை 'ரீபில்டுக்கு மட்டும்' என்று எழுதி விற்பதுதான் ஒரே வழி.

வீலின் முகத்தோடு அதன் முதுகுப் பக்கத்தையும் பாருங்கள், ஹவுசிங்கைக் கழற்றினால் தெரியும். ஆரஞ்சுப் பழத் தோல் மாதிரிப் புள்ளி புள்ளியாக இருந்தால் டர்போ தன் எல்லையை மீறிச் சுற்றியிருக்கிறது. அப்படிப்பட்ட வீல் ஒருநாள் வெடித்துப் பிளக்கலாம், அதனால் அதை ஓடும் டர்போ என்று யாருக்கும் கொடுக்காதீர்கள். டர்பைன் பக்கம் கடிபட்டிருந்தால் வேறு சேதி: இன்ஜினிலிருந்து ஏதோ உடைந்து வந்திருக்கிறது. டர்போவை விற்பதற்கு முன் இன்ஜினைப் பாருங்கள்.

கம்ப்ரசர் வாயில எண்ணெய்ப் பசை இருக்கு. தொடைச்சுட்டுப் போட்டோ எடுக்கவா?

துடைக்கும் முன்பும் ஒன்று, துடைத்த பிறகும் ஒன்று எடுங்கள். இன்ஜின் அடிப்பகுதியின் எண்ணெய் ஆவி (கிரேங்க்கேஸ் ஆவி) இன்டேக் வழியாகப் போகும் வண்டிகளில் மெல்லிய எண்ணெய்ப் பூச்சு எப்போதும் இருக்கும். குளமாகத் தேங்கியிருந்தால் மட்டும் சந்தேகப்பட வேண்டும்.

துடைப்பதற்குக் கரைப்பானும் மெல்லிய பிரஷும் போதும். பிளேடுகளைக் கம்பி பிரஷால் தேய்க்காதீர்கள். காரணம் மேலே அரம் பற்றிச் சொன்ன அதே காரணம்.

சாண்ட் பிளாஸ்ட் பண்ணி, பெயின்ட் அடிச்சா விலை ஏறுமா?

இறங்கும். மணல் எங்கே போய் ஒளிந்திருக்கிறது என்று யாருக்கும் தெரியாது. பெயிண்ட்டுக்குக் கீழே விரிசல் இருக்கிறதா என்றும் தெரியாது. துருப்பிடித்த டர்பைன் ஹவுசிங்கைப் பார்த்து யாரும் பயப்பட மாட்டார்கள். புதுப் பெயிண்ட் மினுக்கும் ஹவுசிங்கைப் பார்த்துத்தான் பயப்படுவார்கள்.

ரீபில்ட் பண்ணிட்டு விக்கவா, இருக்குறபடியே விக்கவா?

பெரும்பாலும் இருக்கிறபடியே. ஜர்னல் பேரிங் டர்போவுக்கு பேரிங், திரஸ்ட், சீல் அடங்கிய கிட் கிடைக்கும்; நல்ல மெக்கானிக் பேலன்ஸும் பார்த்துக் கொடுப்பார். ஆனால் நீங்கள் செய்த ரீபில்டை வாங்குபவர் நம்ப மாட்டார். செலவழித்த பணம் விலையில் திரும்பாது. பேலன்ஸ் ரிப்போர்ட்டைக் கையில் கொடுக்கும் கடையில் செய்திருந்தால் மட்டும் கணக்கு வேறு.

பால் பேரிங் என்றால் பெரும்பாலும் கிட்டுக்கே வழியில்லை. ஷாஃப்ட், இரு வீல்கள், பேரிங் எல்லாம் சேர்ந்த நடுப்பகுதியை, அதாவது கோரை, முழுசாக மாற்றுவதுதான் வழக்கம். அதை உங்கள் செலவில் போட்டு விற்பதைவிட, வாங்குபவர் தனக்குப் பிடித்த கோரை வாங்கிப் போட்டுக்கொள்ளட்டும்.

என்ன விலை சொல்றது?

வாங்குபவர் மனதில் ஓடும் கணக்கை நீங்கள் முன்கூட்டியே போடுங்கள். புதிய டர்போ 100 என்று வைத்துக்கொள்வோம், அதே மாடலுக்குப் புதிய கோர் 60 என்று வைத்துக்கொள்வோம். எந்தச் சாட்சியும் இல்லாத டர்போவை, கோர் போய்விட்டது என்று நினைத்தே ஒருவர் வாங்குவார். ஆக அவர் தரக்கூடியது 40-க்கும் கீழே, ஏனென்றால் அலைச்சலுக்கும் அவர் கழிப்பார். வீடியோ, லாக், டயல் கேஜ், பில் என்று ஒவ்வொன்றாக நீங்கள் காட்டக் காட்ட அந்த 40 மேலே ஏறும். முதல் கேள்விக்கான பதிலில் ஸ்பேனரை எடுக்காதீர்கள் என்று சொன்னதன் காரணம் இதுதான்.

எவ்வளவு காட்டினாலும் புதுசுக்கு அருகே போகாது. வாரண்டி கிடையாது, டர்போவுக்கு ஓடோமீட்டரும் கிடையாது. 'நான் எவ்வளவுக்கு வாங்கினேன் தெரியுமா' என்று ஆரம்பிப்பவர்களின் டர்போ இரண்டு வருடம் கழித்தும் அதே அலமாரியில்தான் இருக்கும்.

மேனிஃபோல்டு, வேஸ்ட்கேட், லைன் எல்லாம் இருக்கு. கிட்டா விக்கவா, தனித்தனியாவா?

அதே மாடல் கார் வைத்திருப்பவர் கிடைத்தால் கிட்டாகக் கொடுங்கள். அவருக்கு அளந்து பார்க்கும் வேலை மிச்சம். கிடைக்கவில்லையென்றால் டர்போவைத் தனியாகப் பிரியுங்கள், ஏனென்றால் டர்போ பல கார்களுக்குப் போகும், டர்போவை இன்ஜினோடு இணைக்கும் மேனிஃபோல்டு ஒரே இன்ஜினுக்குத்தான் போகும். வி-பேண்ட் கிளாம்ப் (இணைப்பை இறுக்கும் வளையம்), எண்ணெய் ஃபிளாஞ்ச், எண்ணெய் வரத்தைக் குறைக்கும் ரெஸ்ட்ரிக்டர் மூன்றையும் டர்போவோடேயே விட்டுவிடுங்கள். தனியாக விற்றால் ஒன்றும் தேறாது. அவை இல்லாமல் வாங்கியவர் ஒரு வாரம் அலைவார். பழைய எண்ணெய் லைனை மட்டும் கொடுக்காதீர்கள். உள்ளே என்ன கரி ஒட்டியிருக்கிறதோ.

எல்லாரும் 'எத்தனை எச்பி தரும்'னு கேக்குறாங்க. என்ன சொல்ல?

டர்போ எச்பி தருவதில்லை, காற்று தருகிறது. பெட்ரோல் இன்ஜினுக்குப் பொதுவாகச் சொல்லும் தோராயம், நிமிடத்துக்கு 1 பவுண்டு காற்றுக்கு ஏறக்குறைய 10 குதிரைத்திறன். கம்ப்ரசர் மேப்பில் (அது எவ்வளவு காற்று தரும் என்று காட்டும் வரைபடம்) 50 பவுண்டு வரை போகிறது என்றால் 500-ஐ ஒட்டி அதன் எல்லை. அது எல்லைதான், வாக்குறுதி இல்லை.

உங்கள் வண்டியில் என்ன வந்ததோ அதை மட்டும் சொல்லுங்கள்: எத்தனை லிட்டர் இன்ஜின், எத்தனை பி.எஸ்.ஐ. பூஸ்ட், என்ன எரிபொருள், டைனோ ஷீட் (மெஷினில் திறனை அளந்த தாள்) இருந்தால் அது.

என் வண்டிக்குப் பொருந்துமான்னு கேட்டா?

நீங்கள் பதில் சொல்லாதீர்கள், அளவுகளைச் சொல்லுங்கள். டர்பைன் நுழைவின் ஃபிளாஞ்ச் அளவு டி25-ஆ, டி3-ஆ, டி4-ஆ, வி-பேண்டா; வெளியேற்றம் எத்தனை போல்ட்; கம்ப்ரசர் வாய்களின் வெளிவிட்டம்; எண்ணெய், தண்ணீர்த் துளைகளின் மரை. பொருந்தும் என்று வாக்குக் கொடுத்து, பானெட்டில் இடித்தால் அது உங்கள் தலையில் விழும். சாலையில் ஓட்டச் சட்டம் இடம் தருமா என்ற கேள்விக்கும் இதே பதில்தான்: அவர் ஊர் விதியை அவர் பார்க்கட்டும்.

ஒரே ஒரு தடவை ஓவர்பூஸ்ட் ஆச்சு. ப்ளோ-ஆஃப் வால்வு இல்லாமலும் கொஞ்ச நாள் ஓட்டினேன். அதெல்லாம் சொல்லணுமா?

சொல்லுங்கள். ப்ளோ-ஆஃப் வால்வு இல்லாமல் ஓட்டினால் ஆக்சிலரேட்டரை விடும்போதெல்லாம் காற்று திரும்பி வந்து கம்ப்ரசரை அடிக்கும். அந்த அடி திரஸ்ட் பேரிங்கில்தான் விழும். உள்ளே-வெளியே ஆட்டத்தை அளந்து, அது அளவுக்குள் இருந்தால் இரண்டையும் ஒரே வரியில் எழுதிவிடுங்கள்: 'இவ்வளவு நாள் வால்வு இல்லாமல் ஓடியது, ஆட்டம் இவ்வளவு'. நான் வாங்குபவனாக இருக்கும்போது இப்படி எழுதியவரிடம் பேரம் பேச எனக்கே கூச்சமாக இருந்திருக்கிறது.

பார்சல்ல அனுப்பணும். எப்படிக் கட்டுறது?

பெட்டிக்குள் பெட்டி. நடுத்தர டர்போவே 7, 8 கிலோ இருக்கும், அதில் கனம் முழுக்க டர்பைன் பக்கம். ஒரே அட்டைப்பெட்டியில் போட்டால் கனமான முனை அட்டையைக் கிழித்துக்கொண்டு வெளியே வரும். டர்போவைக் கெட்டியான பிளாஸ்டிக் பையில் போட்டுக் கட்டிய பிறகுதான் தெர்மோகோலோ ஃபோமோ சுற்ற வேண்டும். தெர்மோகோல் உருண்டைகளை நேரடியாகக் கொட்டினால் ஏதாவது ஒரு வாய்க்குள் ஒன்று நுழையும். ஆக்சுவேட்டர் கம்பியைச் சுற்றித் தனியாகத் தடுப்பு வையுங்கள். நட்டு, போல்ட், கிளாம்ப் எல்லாம் தனிப் பொட்டலம். உள்ளே உருண்டுகொண்டே போனால் வழியெல்லாம் சுத்தியல் அடிதான்.

போர்க்வார்னர் கம்பெனியின் ஈஎஃப்ஆர் மாடல் போன்றவற்றில் டர்பைன் வீல் டைட்டானியம் அலுமினைடு. எடை குறைவு, ஆனால் தட்டினால் நிக்கல் கலவை வீல் மாதிரித் தாங்காது. அதன் வாயைத் திறந்துவைத்து அனுப்பவே கூடாது.

வாங்கினவர் 'போட்ட பத்தே நிமிஷத்துல புகையுது, பணத்தைத் திருப்பித் தா'ங்கிறார். என்ன பண்ண?

கோபப்படாமல் மூன்று படம் கேளுங்கள்: எண்ணெய் வெளியேறும் குழாய் முழுசாக, எண்ணெய் உள்ளே வரும் இணைப்பு, கம்ப்ரசர் வீல். நல்ல டர்போவும் புகையும். வெளியேறும் குழாய் நேர்கீழாக இறங்காமல் வளைந்து கிடந்தால், கிரேங்க்கேஸ் அழுத்தம் அதிகமாக இருந்தால், ரெஸ்ட்ரிக்டர் இல்லாமல் பால் பேரிங்குக்கு முழு அழுத்தத்தில் எண்ணெய் கொடுத்தால், எண்ணெய் வெளியேற வழியில்லாமல் சீலைத் தாண்டி வரும். எனக்கு வந்த ஒரே புகாரில் அவர் அனுப்பிய முதல் படத்திலேயே விடை இருந்தது. கேஸ்கெட்டோடு சிலிகான் பேஸ்ட்டையும் பூசியிருந்தார். அது பிதுங்கி, வெளியேறும் துளையில் பாதியை அடைத்திருந்தது. சுரண்டி எடுத்ததும் புகை நின்றது. முந்தைய டர்போ உடைந்த துணுக்கு, காற்றைக் குளிர்விக்கும் இன்டர்கூலருக்குள் இருந்து வந்து புது வீலைக் கடித்த கதையும் உண்டு; கம்ப்ரசர் வீலின் படம் அதற்குத்தான்.

இதற்கெல்லாம் விற்கும் முன்பே ஒரு ஏற்பாடு வேண்டும். ஹவுசிங் போல்ட்களின் மேல் குறுக்காகப் பெயிண்ட் பேனாவால் கோடு போட்டுப் படம் எடுங்கள். திறந்து மூடினால் கோடு விலகிவிடும். விற்கும்போதே எழுத்தில் சொல்லிவிடுங்கள்: கையில் கிடைத்து 2 நாளுக்குள், வண்டியில் மாட்டாமல், பிடிக்கவில்லையென்றால் திருப்பித் தரலாம், மாட்டிய பிறகு இல்லை. மாட்டும் முன் எண்ணெய்த் துளையில் ஆயில் ஊற்றி நிரப்பும்படியும் அதே தாளில் எழுதுங்கள்.

இத்தனைக்குப் பிறகும் தவறு உங்கள் பக்கம்தான் என்று தெரிந்தால் பணத்தைக் கொடுத்துவிடுங்கள். இந்த வட்டம் ரொம்பச் சின்னது. அடுத்த டர்போவும் இதே ஆட்களிடம்தான் விற்க வேண்டியிருக்கும்.

என் டர்போ முழுசா உடைஞ்சுடுச்சு. ஷாஃப்ட்டே ரெண்டு துண்டு. பழைய இரும்புக்குப் போடவா?

அவசரப்படாதீர்கள். விரிசல் இல்லாத டர்பைன் ஹவுசிங், உரசல் தடம் இல்லாத கம்ப்ரசர் ஹவுசிங், காற்று பிடிக்கும் ஆக்சுவேட்டர், வி-பேண்ட் கிளாம்ப் ஒவ்வொன்றுக்கும் தேடுகிறவர் இருக்கிறார். வேறு ஏ/ஆர் வேண்டும் என்பவர் ஹவுசிங்கை மட்டும் வாங்குவார். கோர் வைத்துக்கொண்டு ஹவுசிங் இல்லாமல் தவிப்பவரும் வாங்குவார். ஆக்சுவேட்டரைக் கைப்பம்பால் அழுத்தி, கம்பி நகர்ந்து அப்படியே நிற்கிறதா என்று பார்த்து வீடியோ எடுங்கள். கம்பி தானாகத் திரும்பி வந்தால் டயாஃப்ரம் கிழிந்திருக்கிறது. உடைந்த ஷாஃப்ட்டையும் தூக்கிப் போடாமல் பெட்டியில் வைத்து, 'ஓடாது, உதிரிக்கு மட்டும்' என்று பெட்டி மேல் எழுதிவிடுங்கள். அளவு பார்க்க யாராவது கேட்பார்கள்.